இருபத்தாறு புரி

பல் செட் கட்டுகிறவன் நான், கொட்டாஞ்சேனையில்.
கடைவாயில் ஒரு தலைமயிரின் பருமன் கூடினாலும்
ஆள் இரவு முழுக்க நித்திரை கொள்ளமாட்டான் என்று
கைக்குத் தெரியும்.
அதனால்தான் பஞ்சிகாவத்தையில்
"எட்டு மில்லி போடுங்கோ, ஏறும்" என்றவர்களுக்கு
நான் வாய் திறக்கவில்லை.

ஏறும். ஒன்றரைச் சுற்று ஏறும்.
பிறகு கடிக்கும்.

வண்டி பீ.எஸ்.ஏ. யுத்தத்துக்கு வந்தது.
எந்த யுத்தம் என்று கேட்காத ஆளை
இந்த ஊரில் இன்னும் காணவில்லை.
என்ஜின் வயிற்றைப் பிளந்து மேசையில் வைத்து
ஏழு மாதம்.
பேரிங் கிடைத்தது. பிஸ்டன் ரிங்
சென்னையிலிருந்து யாரோ ஒருத்தியின்
கூறைப்பெட்டிக்குள் ஒளிந்து வந்தது.
இரண்டு பாதியையும் சேர்த்துப் பூட்டும் ஆணிகளில்
ஒன்றே ஒன்று குறைவு.
பருமன், அங்குலத்தைப் பதினாறாக வெட்டினால் ஐந்து.
புரி, அங்குலத்துக்கு இருபத்தாறு.

பழைய சோனகத் தெருவில் கடை கடையாக
மாதிரி ஆணியை நீட்டினேன்.
ஒருவர் அதை மூக்கருகே கொண்டுபோய்
மணந்து பார்த்துவிட்டுத் தந்தார்.
மாளிகாவத்தை லேத்காரர் விமலதாச
"வெட்டலாம் மாத்தயா, டை இருந்தால்" என்றார்.
டையை அவர் மகன்
போன வருடம் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டான்.

இரண்டு ஆணியைப் பல்லோடு பல் வைத்து
வெளிச்சத்துக்குப் பிடிக்கவேண்டும்.
இடையில் வெளிச்சம் ஒழுகினால்
வேறு சாதி.
சனிக்கிழமை முழுக்க
எனக்கு வெளிச்சம்தான் ஒழுகியது.

லாபிர் நானாவின் கடையில் எல்லாம் வாளியில்.
சுரை, வொஷர், கழுத்து முறிந்த ஸ்டட்,
கிலோ கணக்கில்தான் விலை.
முழங்காலில் இருந்து நாலாவது வாளியைக் கிளறிக் கிளறிப்
பிடரி உளைய
அண்ணாந்தேன்.

வளையிலிருந்து தொங்கும் தராசு.
தராசைத் தாங்கும் சங்கிலி.
சங்கிலியைத் தாங்கும்
அது.

"அதா? வாப்பா கொழுவினது. நான் கழத்தினதே இல்ல."
ஸ்டூலில் ஏறி மாதிரியை அதன் பக்கத்தில் வைத்தேன்.
டோர்ச் அடிக்கச் சொன்னேன்.
இந்தப் பக்கம் அவர் டோர்ச்,
அந்தப் பக்கம் என் கண்,
நடுவில் கும்மிருட்டு.

பிறகுதான் கரைச்சல்.
கழற்றினால் தராசு கீழே.
தராசு கீழே வந்தால்
ஆணியை எதில் நிறுப்பது?
கை நிதானத்தில் சொல்லுங்கோ நானா என்றேன்.
"கைக்கு ஈமான் இல்ல" என்று
பக்கத்துக் கருவாட்டுக் கடைக்குப் பையனை அனுப்பினார்.
நாற்பத்திரண்டு கிராம்.
முப்பது ரூபா எடுத்தார், கருவாட்டு வாசம் இலவசம்.
மாற்றுக்கு நான் வாங்கிக் கொடுத்த
எட்டு மில்லி
ஓட்டைக்குள் போக மாட்டேன் என்றது.
ஒரு தலைமயிர்தான் கூட.
அரத்தால் இரண்டு பேரும் மாறி மாறி ராவி
தராசைத் திரும்ப ஏற்றும்போது
மஃரிபுக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள்.

இப்போது அந்தத் தராசு
ஆளில்லாத நேரத்திலும் கிறீச் என்கிறதாம்.
நேற்றும் எடுத்துச் சொன்னார்,
ஏசவில்லை.

ராத்திரி கதவைச் சாத்திக்கொண்டு
மண்ணெண்ணெயில் ஆணியைக் கழுவினேன்.
ஸ்பேனர் தொடவில்லை. இரண்டு விரல்.
சுரை அரை அங்குலம் இறங்கப்
பதின்மூன்று சுற்று.
எண்ணினேன். எங்கும் கடிக்கவில்லை.

முறுக்கி இறுக்கியிருக்கலாம்.
கழற்றினேன்,
இன்னொரு தடவை எண்ண.